எஞ்சின் நின்றால் வீட்டுப் பக்கம்

பயிற்சி விமானத்தில் எஞ்சின் தானாக நிற்பது அபூர்வம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்தான் நிறுத்துவார். முழுக்க நிறுத்த மாட்டார். எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் கறுப்புக் குமிழ் ஒன்று நடுவில் இருக்கும், அதைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்துவிடுவார். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று அடங்கும். "எஞ்சின் போயிட்டது. எங்க இறங்கப் போற?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். நாம் கீழே ஒரு நிலத்தைப் பார்த்து வைத்து, அதை நோக்கி மிதந்து இறங்க வேண்டும். தரை நெருங்கும்போது "சரி, ஏறு" என்பார். குமிழை உள்ளே தள்ளி மேலே ஏற வேண்டும். நிலத்தில் சக்கரம் படாது. ஆனால் பட்டிருந்தால் பிழைத்திருப்போமா என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

இந்த ஒரு பயிற்சியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், மலாக்காவின் பத்து பெரண்டாம் விமான நிலையத்தில் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியில் நான் மாணவன். மெர்லிமாவ் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அதே தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஒரு விமான நிறுவனம் பரீட்சை வைத்து ஆள் எடுத்து, படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டது. எப்படியோ அதில் நானும் தேறிவிட்டேன். தோட்டத்து ஆட்கள் அன்றிலிருந்து தலைக்கு மேலே போகும் எல்லா விமானத்தையும் என் கணக்கில் எழுதிவிட்டார்கள். மூன்று மாதம் வகுப்பறையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோதே நான் சிங்கப்பூருக்கு இரண்டு தடவை போய் வந்ததாக அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

பயிற்சி விமானங்கள் விடியற்காலையில்தான் கிளம்பும். வெயில் ஏறிவிட்டால் செம்பனைக் காட்டுக்கு மேலே காற்று கொதிக்கும், சின்ன விமானம் குலுங்கும். அதனால் இருட்டிலேயே எழுந்து போக வேண்டும். பாயா ரும்புட்டில் ஒரு வாடகை வீட்டின் பின் அறையில் நானும் இன்னொரு மாணவனும் இருந்தோம். அவன் மலாக்கா பட்டணத்து மளிகைக் கடைக்காரர் மகன். எதற்கும் பயப்படாதவன். எனக்கும் சேர்த்துத் தூங்குவான். அவனை எழுப்பி, முகம் கழுவ வைத்து, என் பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை.

விமானத்திடம் போனதும் முதல் வேலை பனியைத் துடைப்பது. இறக்கை முழுக்க நனைந்திருக்கும். துணியைப் பிழிந்து பிழிந்து துடைக்க வேண்டும். அப்புறம் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு திருகாணியையும் பார்க்க வேண்டும். எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு சின்னக் குவளையில் கொஞ்சம் பிடித்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்க வேண்டும். நான் ஒரு தடவைக்கு மூன்று தடவை பிடிப்பேன். "நீ பார்த்துப் பார்த்தே தொட்டிய காலி பண்ணிருவ" என்பார் என் ஆசிரியர்.

அவர் கிளாந்தான் மாநிலத்துக்காரர், மலாய்க்காரர், ஆகாயப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். ஆங்கிலத்தில் ஆரம்பித்து மலாயில் முடிப்பார். என்னை "எஸ்டேட் பையா" என்பார். கோபம் வந்தால் சிரிப்பார், அதுதான் அவரிடம் பயம்.

முதல் தடவை அவர் குமிழை இழுத்தபோது நான் செய்த முதல் காரியம், அவரிடமே புகார் சொன்னது. "சார், எஞ்சின் போச்சு சார்."

"தெரியும். நான்தான் இழுத்தேன். எங்க இறங்கப் போற?"

எனக்குப் பயம் வந்தால் மரியாதை அதிகமாகிவிடும். விமானத்திடம்கூட "ப்ளீஸ்" என்று சொன்னதாக ஞாபகம். கீழே குனிந்து பார்த்தேன். எங்கே பார்த்தாலும் ஒரே பச்சை, ஒரே மாதிரிச் செம்பனை. அந்தப் பச்சைக்கு நடுவில் ஒரு சதுரம் கண்ணில் பட்டது. ஓரத்தில் கோயில் கோபுரம், இந்தப் பக்கம் வரிசை வரிசையாகத் தகரக் கூரை. எங்கள் தோட்டம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பந்து மைதானம். மூக்கை அந்தப் பக்கம் திருப்பினேன். மனசு உடனே சமாதானமாகிவிட்டது.

எஞ்சின் நின்றால் வானொலியில் நாம் இருக்கும் இடத்தைச் சொல்லி உதவி கேட்க வேண்டும். பயிற்சியில் பொத்தானை அழுத்தாமல் வாயால் மட்டும் சொன்னால் போதும். நான் சத்தமாகச் சொன்னேன், "மாரியம்மன் கோயிலுக்குத் தெற்கே, இரண்டாயிரம் அடி."

கேப்டன் தன் வரைபடத்தை எடுத்து நிதானமாக விரித்தார். "மாரியம்மன் எங்க இருக்கு, காட்டு."

அன்றைக்கு இறக்கம் நன்றாகவே அமைந்தது. மைதானம் பக்கத்தில் இருந்தது, அதனால். அவரும் பாராட்டினார். கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்த தடவை கடலோரம் போகும் வழியில் இழுத்தார். எனக்கு நேர் கீழே அறுவடை முடிந்த ஒரு நிலம், பாய் விரித்த மாதிரி கிடந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. எங்கள் தோட்டம் இருக்கும் திசைக்குத் திரும்பினேன். பாதி வழியிலேயே உயரம் தீர்ந்துவிட்டது. மரங்களின் தலை கிட்ட வந்தபோது அவரே குமிழைத் தள்ளினார்.

"எதுக்கு அங்க போன?"

"அங்க எல்லாரையும் எனக்குத் தெரியும் சார்."

அவர் சிரித்தார். நான் உள்ளுக்குள் செத்தேன்.

மூன்றாவது தடவையும் அதேதான். நான்காவது தடவை எதிர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அவர் இழுத்ததும் நான் அரை வட்டம் அடித்து வீட்டைப் பார்த்துத் திரும்பினேன். யோசித்துச் செய்யவில்லை. சத்தம் நின்றதும் கை தானாகத் திருப்பியது. சாயங்காலம் ஆனதும் மாடு தொழுவத்துக்குப் போகுமே, அந்த மாதிரி.

தரையிறங்கியதும் கேப்டன் விமானத்தின் நிழலில் நின்று பேசினார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை தலைமைப் பயிற்சியாளர் உன்னைச் சோதிப்பார். தேறினா தனியா பயிற்சிப் பகுதிக்குப் போகலாம். அவர்கிட்டயும் இப்படி வீட்டுக்குத் திரும்பினா, அவர் உன்னை நிஜமாவே வீட்டுக்கு அனுப்பிருவார் லா. உபகாரச் சம்பளமும் அத்தோட முடிஞ்சது."

அறைக்கு வந்து நண்பனிடம் சொன்னேன். பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா மச்சான்? பழக்கம்தான. மாத்திருவோம்."

அவன் மாற்றிய விதம் இது. விடியற்காலையில் நான் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவேன். பின்னால் தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருப்பவன் திடீரென்று கையை முன்னால் நீட்டிச் சாவியை அணைத்துவிடுவான். வண்டி செத்து உருளும். காதுக்குள் கத்துவான், "எஞ்சின் போச்சு! எங்கடா எறங்குவ?" வண்டி நிற்பதற்குள் நான் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். "அந்தக் கடை வாசல்!" "மேசை நாற்காலி போட்டிருக்கு, செத்த." "அந்தப் பஸ் நிறுத்தம்!" "தூண் இருக்கு, செத்த." "பெட்ரோல் பம்ப்!" "ரொம்ப நல்லா செத்த."

ஒரு நாள் ஒரு போலீஸ்காரர் பார்த்துவிட்டு எங்களை நிறுத்தினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். விமானம் இறக்கப் பழகுகிறோம் என்றான் நண்பன். அவர் எங்கள் இரண்டு பேரையும் வாயை ஊதிக் காட்டச் சொன்னார்.

ஆனால் பயன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் ஒரு சபதம் எடுத்திருந்தேன். எஞ்சின் நின்றால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போவேன், எங்கள் தோட்டத்துப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

தலைமைப் பயிற்சியாளர் சீனர். ஒல்லியானவர். சட்டைப் பையில் ஊறவைத்த புளிப்புப் பழம் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும். அதில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் கொட்டையைத் துப்பும்வரை பேச மாட்டார். விமானத்தில் ஏறியதும் ஒன்றை வாயில் போட்டார். எனக்கு ஒன்று நீட்டினார். பயத்தில் கொட்டையோடு விழுங்கிவிட்டேன்.

ஓடுபாதையை விட்டு மேலே வந்தபோது சூரியன் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. தாழ்வான இடங்களில் மூடுபனி பஞ்சு மாதிரி கிடந்தது. திருப்பங்கள் செய்யச் சொன்னார், செய்தேன். வேகத்தைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். எல்லாம் கை சாடையில். அரை மணி நேரத்தில் எனக்குத் தைரியமே வந்துவிட்டது. ஜாசின் பக்கமாக வந்து மெர்லிமாவை நோக்கித் திரும்பினோம். மூவாயிரம் அடி.

கறுப்புக் குமிழ் பின்னால் போனது.

கீழே பார்த்தேன். இடது இறக்கைக்கு நேர் கீழே, யாரோ அளந்து வைத்த மாதிரி, எங்கள் பள்ளிக்கூடத்து மைதானம்.

அவர் வேண்டுமென்று செய்தாரா, எதேச்சையாக அமைந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. நீளம் போதும், சமதளம், காற்றும் தோது. செம்பனை எண்ணெய் ஆலைப் புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நன்றாகத் தெரிந்தது. புத்தி உள்ள எவனும் அங்கேதான் இறங்குவான். நானோ சபதம் போட்டவன். முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டேன், கடன்காரனைத் தெருவில் பார்த்த மாதிரி.

வலது பக்கத்தில் பழுப்பு நிறத்தில் பெரிய நிலம் ஒன்று தெரிந்தது. மறுநடவுக்காகப் பழைய செம்பனைகளை விழுத்தியிருந்த இடம். மேலேயிருந்து வழவழவென்று இருந்தது. "அது சார்" என்று கையைக் காட்டி, விமானத்தை அந்தப் பக்கம் சாய்த்தேன். அவர் ஒருமுறை இடது பக்கம் மைதானத்தைப் பார்த்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். வாயில் கொட்டை. பேசவில்லை.

எஞ்சினை மீண்டும் கிளப்பிப் பார்ப்பதாகப் பாவனை செய்தேன். எரிபொருள், சாவி, எல்லாவற்றையும் தொட்டுக் காட்டினேன். இரண்டாயிரம் அடிக்கு வந்தபோது வழவழப்பு போய்விட்டது. விழுத்திய மரங்களை வரிசையாகக் குவித்து வைத்திருந்தார்கள். வரிசைக்கு வரிசை ஆழமான வடிகால். நிலமும் சமதளம் இல்லை, படிக்கட்டு மாதிரி வெட்டியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த தோட்டம். மறுநடவு நிலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவின் லோரியில் உட்கார்ந்து எத்தனை தடவை அந்த வடிகால்களைத் தாண்டிப் போயிருப்பேன். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே ஓடிப்போகிறதோ.

தேர்ந்தெடுத்த நிலத்தைக் கடைசி நேரத்தில் மாற்றக் கூடாது என்பது பாடம். மாற்றாவிட்டால் மரக்குவியலில் மோதுவோம் என்பது கண்ணெதிரே தெரிவது.

"சார், தப்பா எடுத்துட்டேன். மைதானத்துக்கே போறேன்."

அவர் கையால் ஒரு சாடை காட்டினார். சரி என்றா, உன் தலையெழுத்து என்றா, தெரியவில்லை.

திரும்பினேன். உயரம் சரியாக இருந்தது. வழி தெரிந்த ஊர் அல்லவா. தண்ணீர்த் தொட்டி எங்கே, மின்கம்பி எந்தப் பக்கம், கோல் கம்பத்துக்குப் பின்னால் மாடு கட்டுவது யார், எல்லாம் அத்துப்படி. அந்த மைதானத்தில் எத்தனை சாயங்காலம் பந்து உதைத்திருக்கிறேன். மனசுக்குள் அந்தச் சாயங்கால மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டு இறங்கினேன். மஞ்சள் வெயில், காலிப் புல்தரை.

கடைசித் திருப்பம் முடிந்து மூக்கு மைதானத்துக்கு நேராக வந்தது. அப்போதுதான் பார்த்தேன். மைதானம் முழுக்க வெள்ளைச் சட்டை.

திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூடத்துச் சபைகூடல்.

பிள்ளைகள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். கொடிக்கம்பத்தின் கீழே தலைமையாசிரியர். ஆறு வருடம் நானும் அதே வரிசையில் நின்றவன். திங்கட்கிழமை காலையில் அந்த மைதானத்தில் என்ன நடக்கும் என்று அந்த விமானத்தில் இருந்தவர்களில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தன் பந்து விளையாட்டை நினைத்துக்கொண்டு எஞ்சின் சத்தமே இல்லாமல் அவர்கள் தலைக்கு இறங்கிக்கொண்டிருந்தான்.

வரிசை கலைந்தது. பயந்து ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைகள் எங்களை நோக்கிக் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"சார், பிள்ளைங்க! அது வேணாம்! பக்கத்துல லோரி ரோடு, செம்மண் ரோடு, அதுல போறேன் சார், மைதானம் வேணாம்!"

கை ஏற்கனவே திருப்பிவிட்டிருந்தது. மைதானத்துக்கு இணையாக ஓடும் அந்த ரோடு நேராக முன்னால் வந்தது. காலியாக இருந்தது. அவர் வாயிலிருந்து கொட்டையைக் கையில் துப்பினார்.

"ஏறு."

குமிழைத் தள்ளினேன். உடைந்துவிடும் அளவுக்குத் தள்ளினேன்.

பத்து பெரண்டாம் திரும்பும் வரை நான் மனசுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் அவர் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முதலில் அந்த மைதானத்தை ஏன் விட்ட?"

உள்ளதைச் சொன்னேன். வீட்டுப் பக்கமே திரும்பும் கிறுக்கையும் சபதத்தையும் மோட்டார் சைக்கிள் சாவியையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"முதல் நிலம் தப்பு. மாத்தினது சரி. பிள்ளைகளை விட்டு ரோட்டுக்குப் போனது ரொம்பச் சரி. மொத்தத்துல இது தேர்ச்சி இல்ல. நாளைக்குக் காலையில மறுபடி. அதுதான் கடைசி."

சாயங்காலம் வீட்டுக்காரர் போனில் அழைப்பு. அப்பா. தோட்டத்து மளிகைக் கடையில் இருந்து பேசினார். பின்னால் கடையில் இருந்த அத்தனை பேரின் சத்தமும் கேட்டது.

"டேய், காலைல பள்ளிக்கூடத்து மேல வந்தது நீயாமே?"

முதல் தடவையாகச் சரியான விமானத்தை என் கணக்கில் எழுதியிருந்தார்கள். "ஆமாப்பா."

"எஞ்சின் நின்னு போச்சாமே?"

"நிக்கலப்பா. நிறுத்துனாங்க. பரீட்சை."

"ஓடுற எஞ்சின எதுக்குடா நிறுத்துறான்? நான் லோரி லைசன்சு எடுத்தப்ப எவனும் எஞ்சின நிறுத்தி எறங்கிக் காட்டுன்னு சொல்லலையே."

"லோரி வேறப்பா."

"சரி, பாசா?"

"நாளைக்கு மறுபடி வைக்கிறாங்க."

அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்தி யாரிடமோ பேசினார். திரும்ப வந்தார். "தலைமையாசிரியர் இங்கதான் நிக்கிறாரு. நாளைக்கும் இந்தப் பக்கம் வருவியா மாட்டியான்னு கேக்கச் சொல்றாரு. வர்றதா இருந்தா பிள்ளைங்கள உள்ள உக்கார வச்சிருவாராம்."

"எனக்கே தெரியாதுப்பா. அவங்க எங்க இழுக்கிறாங்களோ அங்க."

"என்னடா படிப்பு இது" என்றார் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, "பாத்து எறங்கு. மத்ததெல்லாம் அப்புறம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளின் சாவி அணையவில்லை. நண்பன் நிஜமாகவே தூங்கிக்கொண்டு வந்தான். நானும் சபதம் எதுவும் எடுக்கவில்லை. எடுத்ததன் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

செர்காம் கடலோரத்துக்கு மேலே வைத்துத் தலைமைப் பயிற்சியாளர் குமிழை இழுத்தார், அன்றைக்கு அவர் வாயில் பழம் இல்லை. என் கை அனிச்சையாகத் திரும்பப் பார்த்தது, எங்கள் தோட்டம் இருக்கும் திசைக்குத்தான். சனியன், போகட்டும் என்று கையை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு முதலில் புகையைத் தேடினேன். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் யாரோ குப்பை எரித்துக்கொண்டிருந்தார்கள், காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. அப்புறம் இறக்கைக்குக் கீழே பார்த்தேன். பயிர் போடாமல் கிடந்த ஒரு வயல். வரப்புகள் அழிந்திருந்தன. ஓரத்தில் எருமைகள். அங்கே எனக்கு ஒருத்தரையும் தெரியாது.

"அந்த வயல் சார்."

"கடற்கரை ஏன் வேண்டாம்?"

"தண்ணி வத்தியிருக்கு சார். சேறு. சக்கரம் புதைஞ்சு கவுந்துருவோம்."

"எருமை?"

"இந்த ஓரத்துலதான் நிக்குது. ஓடுனா அந்தப் பாதிய எடுத்துக்குவேன் சார்."

எருமைகள் ஓடவில்லை. ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேய்ந்தது. வயல் விரிந்து விரிந்து மேலே வந்தது. கடைசித் திருப்பம், வேகம், நேர்கோடு. புல் பூண்டுகள் ஒவ்வொன்றாகத் தெரியும் நேரத்தில் "ஏறு" என்றார்.

அலுவலகத்தில் என் பயிற்சி ஏட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "நாளையிலிருந்து தனியா போகலாம். திங்கட்கிழமைகளில் எட்டு மணிக்கு முன்னாடி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கமா போகாதே" என்றார். தலையை ஆட்டினேன். நன்றி சொன்னேன். இன்னொரு தடவை நன்றி சொன்னேன். அவர் அடுத்த மாணவனின் ஏட்டைத் திறந்தார். சற்று நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார், நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் உக்காந்திருக்க?"

"கால் வரமாட்டேங்குது சார்."

எட்டிப் பார்த்தார். மேசைக்குக் கீழே என் முட்டி இரண்டும் தட்டிக்கொண்டிருந்தன. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து ஒரு புளிப்புப் பழம் நீட்டினார். இந்தத் தடவை கொட்டையைத் துப்பச் சொன்னார்.